நகராத சைக்கிளும் பள்ளிக்கூடச் சாலையும்

குழு: நம் வீடு

காலை 6.40

அக்கா: சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட என் மணிக்கட்டை நேற்று மருத்துவர் பார்த்தார். இன்னும் 6 வாரங்களுக்குச் சாலையில் சைக்கிள் ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். கையை எங்கும் ஊன்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதாக இருந்தால் எக்ஸர்சைஸ் சைக்கிள் ஓட்டலாமாம். நான் பெயர் கொடுத்திருக்கும் 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்கு இன்னும் 11 வாரங்கள்தான் இருக்கின்றன. அப்பாவின் அறையில் இருக்கும் சைக்கிளைத் தினமும் காலையில் வந்து நான் ஓட்டிக்கொள்ளலாமா?

அம்மா: தாராளமாக வா. இப்போது அதன் மேல் துணிதான் காய்கிறது.

அப்பா: அது மருத்துவர் சொல்லி எனக்காக வாங்கியது. நான் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மா: 9 நாட்கள் ஓட்டினீர்கள்.

அப்பா: சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் மிதிப்பான்? பத்து நிமிடமாவது ஆகியிருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்தால் மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கிறது.

அக்கா: எனக்கும் அந்தப் பயம்தான் அப்பா. சாலையில் 5 மணி நேரம் சலிக்காமல் ஓட்டுகிறேன். போன வாரம் தோழி வீட்டில் இதே போன்ற சைக்கிளில் 15 நிமிடத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

அத்தை: கை வீக்கம் வடிந்துவிட்டதா? விடியாத நேரத்தில் தனியாகப் போகாதே என்று உன் அப்பா அன்றைக்கே சொன்னார்.

அக்கா: வீக்கம் குறைந்துவிட்டது அத்தை. விழுந்ததற்கு இருட்டு காரணம் இல்லை, மணல்தான் காரணம். அதைப் பற்றி மறுபடியும் பேச வேண்டாம்.

காலை 7.15

அண்ணன்: எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். இரண்டு ஆண்டுகள் டிரெய்னரில், அதாவது நம் சைக்கிளையே பொருத்தி நின்ற இடத்தில் மிதிக்கும் கருவியில், ஓட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாலையில் நாம் எதுவும் செய்யாவிட்டாலும் ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே இருக்கும். ஏற்றம் வரும், எதிர்க்காற்று வரும், ஒரு வளைவுக்காக வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அறைக்குள் நாமாக மாற்றினால் ஒழிய ஒரு நிமிடத்துக்கும் அடுத்த நிமிடத்துக்கும் வேறுபாடே இல்லை. அதனால்தான் அப்பாவுக்கு 3 நிமிடம் 10 நிமிடமாகத் தெரிகிறது. இதில் அப்பாவின் குறை எதுவும் இல்லை.

அப்பா: இதைத்தான் நான் உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்: இன்னொன்றும் இருக்கிறது. நாம் சலிப்பு என்று நினைப்பதில் பெரும்பகுதி வெப்பம். கால்கள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மற்றதெல்லாம் உடலில் சூடாகவே தங்குகிறது. சாலையில் முகத்தில் அடிக்கும் காற்று வியர்வையை உலர்த்தி அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். அறையில் வியர்வை சொட்டுமே தவிர உலராது. அதே வேகத்தில் மிதித்தாலும் இதயத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறும், எப்போது இறங்கலாம் என்று மனம் கேட்கத் தொடங்கும். பாட்டு, படம் எல்லாவற்றுக்கும் முன்னால், மார்புக்கு நேராக எதிரில் ஒரு பெரிய மின்விசிறியை வையுங்கள்.

அம்மா: பெரிய விசிறி கூடத்தில் இருக்கிறது. அதை யாரும் நகர்த்தக் கூடாது.

நான்: அம்மா, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் நகர்த்தலாமே.

அம்மா: நகர்த்துபவர்கள் திரும்பக் கொண்டுவந்து வைப்பதில்லை.

சித்தப்பா: எனக்கு ஒரு காணொளி வந்தது. வெறும் 4 நிமிடம் ஓட்டினால் ஒரு மணி நேரம் ஓட்டியதற்குச் சமமாம். 20 விநாடி வேகமாக மிதித்து 10 விநாடி ஓய்வு எடுக்க வேண்டுமாம். நாலே நிமிடத்தில் முடிந்துவிட்டால் சலிப்பதற்கு நேரமே இருக்காதே. அண்ணா, நீங்கள் இதைச் செய்து பாருங்கள்.

அண்ணன்: சித்தப்பா, அப்பா தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். அது ஜப்பானில் இசுமி தபாடாவும் அவருடைய குழுவினரும் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. பயிற்சி பெற்ற இளைஞர்களை அவர்கள் சைக்கிளில்தான் உட்கார வைத்தார்கள். 20 விநாடி, 10 விநாடி என்பது உண்மைதான். ஆனால் அந்த 20 விநாடியின் கடுமை, உடல் அதிகபட்சமாக ஆக்சிஜனை உறிஞ்சும் நிலைக்கு உரிய உழைப்பைப் போல 170 விழுக்காடு. 7 அல்லது 8 சுற்றிலேயே அவர்கள் முற்றிலும் ஓய்ந்துபோனார்கள். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைப் பரிந்துரைப்பது ஆபத்து.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: நல்லதை நினைத்துத்தான் அனுப்பினேன்.

அப்பா: தெரியும். விடு.

அத்தை: அப்படியானால் உங்கள் அப்பா எவ்வளவு கடுமையாக ஓட்ட வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையில் கட்டும் கடிகாரம்தான் துடிப்பைக் காட்டுகிறதே.

அண்ணன்: அப்பாவின் மாத்திரைகளில் ஒன்று துடிப்பையே குறைத்து வைப்பது என்பதால் கடிகார எண்ணை நம்ப முடியாது அத்தை. ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் என்ற உளவியலாளர் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. 6 முதல் 20 வரை எண்கள், உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறதோ அந்த எண்ணை நாமே சொல்ல வேண்டும். 11 என்றால் இலகு, 13 என்றால் சற்றே கடினம், 20 என்றால் இனி முடியவே முடியாது. அப்பாவுக்கு 11க்கும் 13க்கும் இடையில் இருந்தால் போதும் என்றுதான் மருத்துவரும் சொன்னார். பேசிக்கொண்டே ஓட்ட முடிய வேண்டும். ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் எண் என்ன என்று தன்னையே கேட்டுக்கொள்வதுகூடச் சலிப்பைக் கொஞ்சம் உடைக்கும்.

காலை 7.50

நான்: அக்காவுக்கு நான் ஒன்று சொல்லட்டுமா? ஸ்விஃப்ட் என்ற செயலியில் திரையில் ஒரு சாலை ஓடும், நாம் மிதிக்க மிதிக்க அதில் நம் உருவம் நகரும், உலகெங்கும் இருந்து மற்றவர்களும் கூடவே ஓட்டுவார்கள். 2020 டிசம்பரில் சர்வதேசச் சைக்கிள் சங்கம் மின்விளையாட்டு உலக வாகையர் போட்டியை முதன்முறையாக அதில்தான் நடத்தியது. ஆண்கள் பிரிவில் வென்ற ஜேசன் ஆஸ்போர்ன் அப்போது ஜெர்மனியின் படகு வலிப்பு வீரர்!

அக்கா: அது நம் வீட்டுச் சைக்கிளில் வேலை செய்யுமா?

அண்ணன்: முழுமையாகச் செய்யாது. திரையில் ஏற்றம் வரும்போது சுமையைத் தானே கூட்டும் டிரெய்னர் இருந்தால்தான் அதன் சுவை தெரியும். ஆல்ப் டு ஸ்விஃப்ட் என்று அதில் ஒரு மலை உண்டு. பிரான்சின் ஆல்ப் டூயெஸ் மலைப்பாதையை அப்படியே ஒத்து, 21 கொண்டைஊசி வளைவுகளோடு அமைத்திருக்கிறார்கள். நான் முதல் தடவை ஏறியபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அடுத்த வளைவு எப்போது வரும் என்பது ஒன்றே மனத்தில் இருந்தது. நம் சைக்கிளில் சுமையைக் கூட்டக் கையால் திருகும் குமிழ்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த மலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வளைவுகளைத்தான். 40 நிமிடத்தை ஒரே துண்டாக வைக்காமல் எட்டுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வேலை வையுங்கள். ஒன்றில் சுமையைக் கூட்டி மெதுவாக மிதிப்பது, அடுத்ததில் சுமையைக் குறைத்து நிமிடத்துக்கு 95 சுற்று, அதற்கடுத்ததில் இடது காலை மட்டும் கவனிப்பது.

அக்கா: எழுந்து நின்று மிதிக்க முடியாதே. கையை ஊன்ற வேண்டியிருக்கும்.

அண்ணன்: நிற்காதே. ஆனால் சாலையில் சைக்கிள் நம்மோடு சேர்ந்து அசையும், அறையில் அசையாது என்பதால் சீட்டில் ஒரே இடம் அழுந்தி வலிக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி அரை நிமிடம் நடந்துவிட்டு மறுபடியும் ஏறு.

அம்மா: அடிபட்ட கையைத் தொங்கவிடாமல் வைக்க, பக்கத்தில் உயரமான முக்காலி ஒன்று போட்டுத் தலையணை வைக்கிறேன்.

அத்தை: இவ்வளவு சிரமப்பட்டு அந்த 200 கிலோமீட்டரை இந்த ஆண்டே போக வேண்டுமா?

அக்கா: வேண்டும் அத்தை. 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய பயணம் அது. போன ஆண்டு 160ஆவது கிலோமீட்டரில் நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அப்போது இந்தக் குழுவில் யார் என்ன எழுதினார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

அப்பா: நான்தான் எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது.

காலை 8.20

அண்ணன்: அக்காவுக்காக ஒரு செய்தியைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சைக்கிள் பந்தய வீரர் மாத்யூ ஹேமன் 2016 பிப்ரவரி இறுதியில் ஒரு பந்தயத்தில் விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டார். பிரான்சில் நடக்கும் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்துக்கு ஏறத்தாழ 6 வாரங்களே இருந்தன. சாலைக்குப் போக முடியாததால் வீட்டுக் கார் கொட்டகையில் டிரெய்னரை வைத்து அதிலேயே பயிற்சி செய்தார். ஏப்ரல் 10 அன்று, கல் பாவிய சாலைகள் கொண்ட அந்த 250 கிலோமீட்டருக்கும் அதிகமான பந்தயத்தில், 37ஆவது வயதில், தன் 15ஆவது முயற்சியில் அவர் முதலாவதாக வந்தார்.

அக்கா: இதை இன்னும் இரண்டு தடவை படிக்கப்போகிறேன்.

அப்பா: அவரும் சுவரைப் பார்த்துத்தான் மிதித்திருப்பாரா?

அண்ணன்: அவரும் ஸ்விஃப்ட்டில்தான் ஓட்டினார் அப்பா. உங்களுக்குப் பாட்டு பொருந்தும். நிமிடத்துக்கு 65 சுற்று மிதித்தால், நிமிடத்துக்கு 130 தட்டு உள்ள பாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு காலும் கீழே போகும்போது ஒரு தட்டு விழும். இசைத் தாளத்தோடு இணைந்து சைக்கிள் மிதித்தவர்களுக்கு, அதைவிடச் சற்று மெதுவான இசையைக் கேட்டபடி மிதித்தபோது தேவைப்பட்டதைக் காட்டிலும் ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவான ஆக்சிஜனே தேவைப்பட்டது என்று பிரிட்டனில் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. படம் பார்ப்பதை மட்டும் இலகுவான நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மூழ்கினால் கால் தானாகத் தளர்ந்துவிடும், நேரம் போகுமே தவிரப் பயிற்சி நடக்காது.

அப்பா: பாட்டு வேண்டாம். எனக்குப் பழைய சாலைகளில் ஓட்ட வேண்டும் போல இருக்கிறது.

சித்தப்பா: பள்ளிக்கூடச் சாலையா?

அப்பா: ஆமாம்.

நான்: அப்படியானால் அந்தச் சாலையையே ஓட்டலாமே! எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எங்கே வளைவு என்று நீங்கள் இருவரும் குரல் செய்தியாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே அக்கா குமிழைத் திருப்பட்டும், அப்பாவும் ஓட்டட்டும்.

அண்ணன்: இது நான் சொன்ன எட்டுத் துண்டுகளைவிட நல்ல யோசனை.

சித்தப்பா: குரல் செய்தி (4 நிமிடம் 12 விநாடி)

அக்கா: கேட்டேன் சித்தப்பா. வீட்டு வாசல், நேர்ச்சாலை, ஆலமரத்து வளைவு, பிறகு பாலத்து ஏற்றம், அதன் பின் பள்ளிக்கூடம் வரை இறக்கம். பாலத்து ஏற்றத்தில் குமிழை எந்த எண்ணில் வைப்பது?

சித்தப்பா: 8இல் வை. அதில் யாராலும் மிதித்து ஏற முடியாது. உன் அப்பா ஒவ்வொரு நாளும் இறங்கித்தான் தள்ளினார்.

அப்பா: நான் ஒரு நாள்கூட இறங்கியதில்லை. பின்னால் உன்னையும் இரண்டு பைகளையும் வைத்து மிதித்தே ஏறினேன். 6இல் வை.

சித்தப்பா: பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குத் தெரியாதா? என்னை ஓட்ட விட்டிருந்தால் நான் ஏறியிருப்பேன். ஆறு ஆண்டுகளில் ஒரு நாளும் நீங்கள் ஹேண்டில்பாரை என்னிடம் தரவில்லை.

அப்பா: உனக்குக் கால் எட்டவில்லை. நீ விழுந்துவிடுவாய் என்று பயந்தேன்.

அத்தை: இருவரும் சொல்வது சரிதான். மழைக்காலத்தில் இறங்கித் தள்ளுவீர்கள், மற்ற நாட்களில் ஏறுவீர்கள். நான் பின்னால் நடந்து வந்தவள்.

அக்கா: அப்படியானால் மழை நாளுக்கு 8, வெயில் நாளுக்கு 6 என்று வைத்துக்கொள்கிறேன்.

சித்தப்பா: திரும்பி வரும் வழியையும் பதிவு செய்யட்டுமா? அதில் எதிர்க்காற்று உண்டு.

அண்ணன்: செய்யுங்கள் சித்தப்பா. எதிர்க்காற்றுக்குச் சுமையை ஓர் எண் மட்டும் கூட்டி நீண்ட நேரம் அப்படியே வைக்கலாம், நெடும்பயணத்துக்கு அக்காவுக்குத் தேவைப்படுவது அதுதான். இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்தில் நகராத சைக்கிள்கள் இரண்டு இருந்தன. எதிரே ஒரு பெரிய வட்ட முகப்பில் சிவப்பும் நீலமுமாக இரண்டு முட்கள், யார் எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்று காட்டும். கூட ஒருவர் ஓட்ட வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. நம்மிடம் ஒரே சைக்கிள்தான் என்பதால், அப்பா ஓட்டும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போர்க் எண்ணைக் கேட்கட்டும். அக்கா ஓட்டும்போது அப்பா குமிழைத் திருப்பட்டும், அவளுக்கு ஒரு கைதானே இருக்கிறது.

அப்பா: நான் 6 மணிக்கு ஓட்டுவேன்.

அக்கா: எனக்கும் 6 மணிதான் சரிப்படும் அப்பா. 8 மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

அப்பா: அப்படியானால் நீ 5.30க்கு வா.

அத்தை: 5.30 என்றால் விடியாத நேரம். யார் அழைத்து வருவது?

நான்: நான் அழைத்து வருகிறேன். திங்கள், புதன், வெள்ளி மட்டும்.

அக்கா: மற்ற நாட்களுக்கு?

அம்மா: அதைப் பிறகு பார்க்கலாம். துணிகளை நான் இப்போதே எடுத்துவிடுகிறேன். விசிறியை நகர்த்துபவர் யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

சித்தப்பா: குரல் செய்தி (6 நிமிடம் 3 விநாடி)

அப்பா: கேட்கிறேன். பாலத்துக்கு 6 என்பதில் மாற்றம் இல்லை.