பாட்டுக்கு முன்னாடி வர்ற நிழல் குரல்: ரெக்கார்டும் டிஜிட்டலும், உங்க அனுபவம்?

முத்தியால்பேட்டை வாசி:
நண்பர் வீட்டுல கேட்டது, மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல வாங்கின பழைய எல்.பி. ரெக்கார்டு. அதே பாட்டு ஃபோன்லயும் இருந்துச்சு. ஒரே ஆம்ப்ளிஃபையர், ஒரே ஸ்பீக்கர், மாத்தி மாத்திப் போட்டோம். ரெக்கார்டுல பாடற அம்மா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே முதல் வரி மெலிசா, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டுச்சு. அப்புறம்தான் நிஜக் குரல். ரெக்கார்டுல முள் ஓடற கோடு இருக்கே, பக்கத்துக் கோட்டோட அதிர்வு இந்தக் கோட்டுலயும் பதியறதுதான், தெரிஞ்ச விஷயம். ஆனா ஃபோன்லயும் அதே நிழல் குரல்! அப்போ காசு கட்டிக் கேக்கறது யாரோ ரெக்கார்டை ஓட்டிப் பிடிச்சதா? கரகரப்பைத் துடைக்கப் போய் ஜால்ராவோட கிணுகிணுப்பையும் துடைச்சிருக்காங்க. மனசே ஆறல.

கடலூர் ஓ.டி.:
அவசரப்படாதீங்க சார். ரெக்கார்டு வெட்டறதுக்கு முன்னாடி பாட்டைப் பிடிச்ச மூல டேப்லயும் அது வரும். சுருட்டி வெச்ச டேப்புல ஒரு சுத்தோட காந்தப் பதிவு அடுத்த சுத்துல லேசா ஒட்டிக்கும். ஃபோன்ல நிழல் குரலுக்கும் நிஜக் குரலுக்கும் நடுவுல உள்ள இடைவெளியை அளங்க. நிமிஷத்துக்கு 33⅓ சுத்துங்கற வேகத்துல ரெக்கார்டுத் தட்டு ஒரு தடவை சுத்த 1.8 செகண்ட். எந்தப் பாட்டை எடுத்தாலும் அதே 1.8 வந்தா தட்டுதான். டேப்னா சுருளோட பருமனுக்குத் தக்கபடி மாறும்.
எங்க வீட்டுல 2011 தானே புயல்ல ஓடு பறந்து அப்பாவோட பெட்டி முழுக்க நனைஞ்சுது. உறையோட அச்சு தட்டுமேல அப்படியே ஒட்டி, படத்துல இருந்த முகம் கண்ணாடியில பார்க்கற மாதிரி இடம் வலம் மாறித் தெரிஞ்சுது. அலசிக் காயவெச்சுப் போட்டோம், பாடிச்சு. அதே வெள்ளத்துல ஊறின ஹார்டு டிஸ்க் திறக்கவே இல்லை.

லாஸ்பேட்டை:
முத்தியால்பேட்டை சார், ரெக்கார்டுக்கும் ஃபோனுக்கும் சத்தத்தைச் சமமா வெச்சீங்களான்னு சொல்லலியே! சத்தம் ஒரு டெசிபல் (சத்தத்தோட அளவு) கூடினாலே அதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லும். என் கதை சின்னது: மாமா வீட்டுல ரெக்கார்டு பிளேயரை நேரா ஆம்ப்ளிஃபையரோட ஆக்ஸ்ல, அதாவது சாதாரண ஓட்டையில, சொருகியிருந்தாங்க. ரெக்கார்டுக்குன்னே இருக்கற ஃபோனோ பிரீஆம்ப் வழியா மாத்தினதும் மிருதங்கத்தோட தொப்பி பக்கம், அந்தக் கனத்த ஒலி, திடீர்னு எழுந்து வந்துச்சு, மாமா பேச்சை நிறுத்திட்டார். தட்டுல வெட்டும்போது பாஸை (கனத்த ஒலி) குறைச்சு, ட்ரெபிளை (கீச்சு ஒலி) கூட்டித்தான் வெட்டுவாங்க. கேக்கும்போது அதைத் திருப்பணும். முள் மாட்டியிருக்கற கார்ட்ரிட்ஜ்லேருந்து வர்ற மின்சாரமும் சில மில்லிவோல்ட்தான். அதனால முதல்ல பிரீஆம்ப் பாருங்க. அடுத்தது முள் தட்டுமேல அழுத்தற எடை, கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்னபடி வையுங்க, குறைச்சு வெச்சா தட்டுக்கு நல்லதுன்னு நினைக்காதீங்க, முள் துள்ளித்தான் கோடு கெடும். கடைசிப் பாட்டை வெச்சு ஒப்பிடாதீங்க, நடுவுக்குப் போகப் போகச் சுத்து சின்னதாகி 'ஸ', 'ச' எல்லாம் பிசிறும். நம்ம ஊர் உப்புக் காத்துல ஒயர் முனை பச்சை பூக்கும், அதையும் துடைங்க. அளவுன்னு பார்த்தா, ரொம்ப மெலிசான சத்தத்துக்கும் ரொம்பப் பெரிய சத்தத்துக்கும் நடுவுல சி.டி.க்கு (16 பிட் பதிவு) 96 டெசிபல் வரை இடம் உண்டு, நல்ல எல்.பி.க்கே 70 எட்டறது கஷ்டம். அதை ஒத்துக்கணும்.

மஞ்சக்குப்பம் அக்கா:
96ஐ வெச்சு என்ன தம்பி செய்ய? பாட்டைக் கொடுக்கறவங்க எல்லாத்தையும் ஒரே சத்தத்துக்கு அமுக்கிடறாங்களே. முத்தியால்பேட்டைத் தம்பிக்கு ஒண்ணு: மூல டேப் கிடைக்கலைன்னா தட்டுலேருந்து எடுக்காம வேற எப்படி எடுப்பாங்க? அத்தை வீட்டுல இருந்த, நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற பழைய அரக்குத் தட்டுகளை ஒருத்தர் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சார். அரக்கு கரைஞ்சு பஞ்சு கறுப்பாச்சு. அந்தக் குரலை வேற எங்கயும் கேக்கலை. யாராவது முன்னாடியே ஓட்டிப் பிடிச்சிருந்தா கும்பிட்டிருப்பேன்.

முத்தியால்பேட்டை வாசி:
அளந்தாச்சு ஓ.டி. சார். ஃபோன்ல முதல் பாட்டும் 1.8, மூணாவதும் 1.8. அப்போ தட்டுலேருந்து எடுத்ததுதான். அக்கா, எடுக்கட்டும், வேணாங்கலை. ரெக்கார்டுலேருந்து எடுத்ததுன்னு ஒரு வரி போடட்டும், துடைக்காத பதிவையும் கூடவே குடுக்கட்டும். கரகரப்போட கேக்க நான் தயார்.