சோயா பாலில் ஃபில்டர் காபி திரிந்துபோகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். திருவான்மியூரில் சின்னதாக ஒரு வீகன் (மாட்டுப் பால், நெய் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேர்க்காத) சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். இட்லி, பொங்கல், மதியச் சாப்பாடு எல்லாம் நன்றாகப் போகிறது. காபிதான் சிக்கல். சூடான டிக்காஷனில் சோயா பாலை ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே திப்பி திப்பியாகத் திரிந்து தண்ணீர் தனியாக நிற்கிறது. காலை நடை முடித்து வரும் பெரியவர்கள் "பரவாயில்லைப்பா" என்று குடித்துவிட்டுப் போகிறார்கள். அப்படி ஒரு டம்ளரை நீட்ட எனக்கு மனசே வரவில்லை.

பால் நாங்களே எடுப்பது: சோயாவை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, துணியில் வடிகட்டி, பச்சை வாசனை போகக் கொதிக்கவைக்கிறோம். தூள் 80க்கு 20 சிக்கரி. கோடையில் லாரித் தண்ணீருக்கு மாறிய பிறகுதான் இது ஆரம்பித்தது. தண்ணீரில் கால்சியம் அதிகமிருந்தால் சோயா புரதம் கட்டிக்கொள்ளும், டோஃபு (சோயா பனீர்) செய்வதே அப்படித்தானே. அதனால் கேன் தண்ணீரில் பால் எடுத்தோம். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. டிக்காஷனை ஆறவைத்துக் கலந்தால் திரிவதில்லை, மறுபடி சுடவைத்தால் திரிகிறது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் சரியாகிறது, ருசி போய்விடுகிறது. தேங்காய்ப் பாலில் எண்ணெய் மிதக்கிறது. முந்திரிப் பால் அருமை, ஆனால் விலையை ஏற்ற வேண்டும். எங்கள் தெருவுக்கு அது கட்டாது.

சோடா காபியின் அமிலத்தை முறிப்பதால்தான் சரியாகிறது; அதனால் அமிலம் குறைவான டிக்காஷன்தான் வழி என்று தோன்றுகிறது. சோடா இல்லாமல் சோயா பால் காபியை ஆவி பறக்கக் கொடுப்பவர்கள் எந்தக் காபிக் கொட்டையை, எந்தப் பதத்தில் வறுத்து வாங்குகிறீர்கள்?