குப்பம் பக்கம்: செயல்வழிக் கற்றலா, பழைய முறையா?

குப்பத்து அம்மா:
மகள் மூன்றாம் வகுப்பு போகிறாள். ஒரு பள்ளியில் வாய்ப்பாடு, டிக்டேஷன், தினம் வீட்டுப்பாடம். இன்னொன்றில் செயல்வழிக் கற்றல் (பாட அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து கற்பது), பரீட்சையே இல்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கும் இங்கிலீஷும். எதில் சேர்ப்பது?

மதனப்பள்ளிக்காரன்:
அக்கா, செயல்வழிக் கற்றலை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். இங்கே நம் ஆந்திராவில், மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலி பள்ளியில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்துத்தான் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்தார்கள், அப்புறம் தமிழ்நாடு முழுக்கப் போனது. பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏணிப்படி ஏறுவதுபோல் முன்னேறும், காய்ச்சலில் லீவு போட்டாலும் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம், யாரும் 'மக்கு' என்று சொல்ல வழியில்லை. தாராளமாகச் சேருங்கள்.

சித்தூர் டீச்சர்:
முறை நல்லதுதான். ஆனால் ஒரு வகுப்பில் 40 பேரை அடைத்தால் அட்டையெல்லாம் அலமாரியிலேயே கிடக்கும். வாய்ப்பாடும் வேண்டும்மா, பெருக்கல் என்னவென்று புரிந்தபின் மனப்பாடம் செய்தால் வகுத்தலில் தடுமாற மாட்டாள். பணம் கட்டும் முன் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார விடுகிறார்களா என்று கேளுங்கள்.

பலமநேர் தாத்தா:
எங்கே சேர்த்தாலும் தமிழ் எழுத்தை வீட்டில் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் தாயி, இப்போதே தொடங்குங்கள்.