'செவிவழிப் பறவைநோக்கல்' என்பதற்கு மாற்றாகக் 'குரலறிதல்'

அன்புடையீர்,

வீட்டைச் சுற்றித் திரியும் பறவைகளை அவற்றின் குரலைக் கொண்டே இன்னதென்று சொல்லும் பழக்கத்துக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'பேர்டிங் பை இயர்' என வழங்குவதற்கு, சென்ற வாரம் இங்கே இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டன. ஒன்று 'செவிவழிப் பறவைநோக்கல்', மற்றது 'ஒலிவழி இனங்காணல்'. இரண்டையும் பல நாள் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை என்பதால், காரணங்களைச் சொல்லி, 'குரலறிதல்' என்னும் சொல்லைப் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.

நோக்குதல் கண்ணின் தொழில். 'பறவைநோக்கல்' நன்றாக ஊன்றிவிட்ட சொல்தான். ஆனால் அதன் முன்னே 'செவிவழி'யைச் சேர்க்கும்போது செயலின் இயல்பே திரிந்துவிடுகிறது. 'இனங்காணல்' என்பதில் உள்ள காணல் அவ்வளவு உறுத்துவதில்லை, ஏனெனில் காணுதல் என்பது கண்டறிதல் என்ற பொருளுக்கும் நெடுங்காலமாக நீண்டிருக்கிறது. அதன் குறை வேறு: அது வரையறையைப் போல நிற்கிறது. "இன்று காலை ஒலிவழி இனங்காணல் செய்தேன்" என்று எவரும் சொல்லப்போவதில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்த ஒன்றைச் சொன்னால் என் கருத்து தெளிவாகும். முருங்கை மரத்திலிருந்து ஒரே ஒலியை இடைவிடாமல் அடுக்கிக்கொண்டே போகும் உரத்த குரல் ஒன்றைப் பல மாதங்களாகக் கேட்டு வந்தேன். மைனா அளவுள்ள பறவையாக இருக்கும் என்றே நம்பியிருந்தேன். ஒரு நாள் கிளைக்கு நேர் கீழே நின்று பார்த்தபோது, வாலை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது பத்து கிராம் எடைகூட இராத தையல்சிட்டு. அது ஒவ்வொரு முறை குரல் எழுப்பும்போதும் தொண்டையின் பக்கத்தில் ஒரு கரும்பட்டை தெரிந்து மறைந்தது. அன்று நோக்கியது ஒரே ஒரு முறை. அதன்பின் அடுப்படியில் நின்றபடியே அதைத் தெரிந்துகொள்கிறேன். எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. இந்த இரண்டாவது செயலுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். இது நோக்கல் அன்று, வெறும் கேட்டலும் அன்று. முன்பு மனத்தில் பதிந்ததை மீண்டும் அடையாளம் தெரிந்துகொள்வது. தமிழில் இதற்கு 'அறிதல்' இருக்கிறது.

முன்பாதி 'ஒலி'யா, 'குரலா' என்பது அடுத்த கேள்வி. நம் மொழியில் காகம் கரையும், மயில் அகவும், ஆந்தை அலறும், கூகை குழறும், குயில் கூவும். ஒவ்வொரு வினையும் ஓரிரு பறவைகளுக்கே உரியதாகிவிட்டதால், இவற்றுள் ஒன்றை எடுத்து எல்லாப் பறவைக்கும் பொதுவாக்க முடியாது. அந்தந்தப் பறவைக்குள்ளும் ஒரே வினை போதாது. கூவுவது ஆண்குயில், புள்ளிகள் நிறைந்த பழுப்புநிறப் பெண்குயிலோ 'கிக் கிக் கிக்' என்று விரைந்து கத்துகிறது, அதைக் கேட்டுக் குயிலென்று சொல்பவர் குறைவு. ஆகவே 'கூவலறிதல்' என்று ஒரு நண்பர் சொன்னது அழகாக இருந்தாலும் குயிலுக்கே பாதிதான் பொருந்தும். எல்லா வினைகளுக்கும் மேலே பொதுவாக நிற்கும் பெயர் 'குரல்'.

மரங்கொத்தி மரத்தைத் தட்டும் ஒலியும் மாடப்புறா எழும்பும்போது கேட்கும் சிறகோசையும் குரலாகுமா என்று கேட்கப்படும், நியாயமான கேள்வி. தமிழிசையில் ஏழு சுரங்களுள் முதலாவதன் பெயரே குரல்; யாழ் நரம்பிலும் குழலிலும் அது பிறந்தது. தொண்டைக்கு மட்டும் உரிய சொல்லாக அது ஒருபோதும் இருந்ததில்லை என்பதால், இவற்றையும் அதில் அடக்கத் தயங்க வேண்டியதில்லை.

கணினித் துறையில் 'குரலறிதல்' வேறு பொருளில் வழங்குகிறதே என்பதுதான் எனக்கே தோன்றிய வலுவான தடை. ஆனால் அங்கே என்ன பேசப்படுகிறது என்பதைப் பிரித்தெடுப்பது பேச்சறிதல். பேசுபவர் யார் என்பதைச் சொல்வதே குரலறிதல். தொலைபேசியில் "நான்தான்" என்ற ஒரு சொல்லிலேயே அக்காவை அடையாளம் தெரிந்துகொள்கிறோம் அல்லவா? புதரில் மறைந்தபடி 'ஊப் ஊப்' என்று நீளமாக அடுக்குவது செண்பகம், மூன்று மூன்றாக மென்மையாக நிறுத்துவது கொண்டலாத்தி என்று பிரிப்பதும் அதே செயல்தான். துறை குழம்பும் இடத்தில் 'பறவைக் குரலறிதல்' என்று முழுமையாக எழுதிக்கொள்ளலாம்.

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் 2021-இல் வந்த, ஒலியைக் கொண்டு பறவையின் பெயர் சொல்லும் வசதியைப் பயன்படுத்துவோர் இங்கே பலர் இருப்பதால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அது ஒலியை, நேரமும் அதிர்வெண்ணும் கொண்ட படமாக வரைந்து, அந்தப் படத்தில் உள்ள வடிவங்களை ஒப்பிட்டே பெயர் சொல்கிறது. இயந்திரத்தைப் பொறுத்தவரை 'நோக்கல்' தவறில்லை என்று வாதிடலாம். நமக்குத் தேவைப்படுவது மனிதர் செய்வதற்கான சொல். அதைச் செயலிக்கும் நீட்டி 'குரலறி செயலி' என்பதில் இடையூறு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

நம் முன்னோர் காதால் அறிந்தே பெயரிட்டார்கள் என்பதற்குக் காக்கை, கூகை, குக்குறுவான் ஆகிய பெயர்களே போதும். திருப்பாவையில் விடிந்துவிட்டதற்குச் சான்றாகச் சொல்லப்படும் ஆனைச்சாத்தனும், 'கீசு கீசு' என்ற பேச்சரவத்தைக் கேட்டே அறியப்படுகிறது. அதைக் கரிச்சான் என்று கொள்வோர் உண்டு. கரிச்சான் இருள் பிரியுமுன் குரல் கொடுப்பது கிராமத்தில் விழித்தெழுந்த எவருக்கும் தெரியும்.

எனவே நான் முன்மொழியும் வரையறை இது: பறவையைக் காணாமலே, அது எழுப்பும் குரலையோ பிற ஒலியையோ கொண்டு அதன் இனத்தை உறுதிசெய்தல், குரலறிதல். வினையாக "குரலறிந்தேன்" என்றும், பட்டியலில் பார்த்தவற்றிலிருந்து பிரித்துக் காட்டக் "குரலறிந்தவை" என்றும் எழுதலாம். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில், கேட்டு மட்டும் அறிந்த பறவையையும் சேர்க்கலாம். இம்முறை அந்தப் பட்டியல்களில் தமிழில் குறிப்பெழுதுவோர் "குரலறிந்தது" என்று எழுதிப் பார்த்து, கை எங்கே தயங்கியது என்பதை இங்கே தெரிவிக்க வேண்டுகிறேன்.