ஸ்லைடில் குரோமோசோம்கள் பிரியாமல் கொத்தாகக் கிடக்கின்றன, எங்கே பார்க்கணும்?

பாளை மாணவி:
அண்ணாச்சிமாருக்கும் மேடங்களுக்கும் வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்டுக்குக் கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணி வரிசைப்படுத்துறது) பண்றேன். ஹெபாரின் குழாயில எடுத்த ரத்தம், ஆர்.பி.எம்.ஐ. 1640 வளர்ப்பு ஊடகம், செல்லைப் பிரியத் தூண்டுற பி.எச்.ஏ., 37 டிகிரியில 72 மணி நேரம். செல் பிரியிறதைப் பாதியில நிறுத்துற கோல்சிமிட் 1 மணி நேரம், பிறகு செல்லை வீங்க வைக்கப் பொட்டாசியம் குளோரைடு, கடைசியா ஃபிக்சேட்டிவா (செல்லை அப்படியே நிலைநிறுத்த) மெத்தனால்-அசிட்டிக் அமிலம் 3:1. மெட்டாஃபேஸ் (குரோமோசோம் தெளிவாத் தெரியிற நிலையில நிக்கிற செல்) நிறையக் கிடைக்கு. ஆனா 46-உம் ஒண்ணுமேல ஒண்ணு கிடக்கதால எண்ண முடியல. பிரிஞ்ச சில செல்லுல ரெண்டு சின்னக் குரோமோசோம் தலையோட தலை ஒட்டி நிக்குது. ராபர்ட்சோனியன் இடமாற்றமா (ரெண்டு குரோமோசோம் ஒண்ணா இணைஞ்சிர்றது) இருக்குமா? 21-ஐயும் 22-ஐயும் எப்படிப் பிரிச்சுப் பாக்க?

பொருநைக்கரை:
மெட்டாஃபேஸ் நிறைய வருதுன்னா கல்ச்சர்ல குறை இல்லம்மா. செல் வீங்குச்சா, ஸ்லைடு எவ்வளவு வேகமாக் காயுது, இந்த ரெண்டையும் பாருங்க.

பொட்டாசியம் குளோரைடு 0.075 மோலார் இருக்கணும். 100 மில்லிக்கு 0.56 கிராம். 37 டிகிரிக்குச் சூடாக்கிட்டு ஊத்தி, 15 முதல் 20 நிமிஷம் வைங்க. குளிர்ந்த கரைசல்ல செல் சரியா வீங்காது. அதுக்கப்புறம் ஃபிக்சேட்டிவை முதல்ல சொட்டுச் சொட்டா, கலக்கிக்கிட்டே விடணும். மொத்தமா ஊத்துனா செல் கட்டியாயிரும், அதைப் பிறகு பிரிக்கவே முடியாது. ஃபிக்சேட்டிவை அன்னன்னைக்குக் கலக்குங்க. வச்சிருந்தா மெத்தனாலும் அமிலமும் சேர்ந்து மெத்தில் அசிட்டேட் ஆகி வீரியம் குறைஞ்சிரும்.

அடுத்தது காத்து. சொட்டு விட 25 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் தோதானது. ஆனி, ஆடி மாசம் தென்காசிப் பக்கம் சாரல் விழும்போது திருநெல்வேலியில வறண்ட மேல்காத்துதான். செல் பரந்து படியறதுக்குள்ள மெத்தனால் ஆவியாயிரும், குரோமோசோம் கொத்தாவே நின்னுரும். ஃபேனை அணைங்க. ஈரமான குளிர்ந்த ஸ்லைடுல சொட்டு விட்டு, 50 டிகிரி தண்ணித் தொட்டி ஆவி மேல சில வினாடி காட்டுங்க. சாரல் அடிக்கிற ஊர்ல இதுக்கு நேர்மாறு: மெதுவாக் காஞ்சா செல் உடைஞ்சு குரோமோசோம் சிதறும், எண்ணிக்கை 43, 44-ன்னு காட்டும்.

உயிரணுக்காரர்:
ஒட்டி நிக்கிறதுக்கு விடை குரோமோசோம் அமைப்புலயே இருக்கு. 13, 14, 15, 21, 22 ஆகிய அஞ்சுலயும் சென்ட்ரோமியர் (குட்டைக் கையும் நீளக் கையும் சேர்ற இடுக்கு) ஒரு நுனிக்குப் பக்கத்துல இருக்கும். அதுகளோட குட்டைக் கையிலதான் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் அடுக்கடுக்கா இருக்கு. உட்கருவுக்குள்ள இருக்கிற நியூக்ளியோலஸ் உருவாகும்போது இந்தக் கைகள் ஒரே இடத்துல கூடும்; செல் பிரியிற நேரத்துலயும் சிலது அந்த நெருக்கத்தை விடாது. அது சாட்டிலைட் அசோசியேஷன், நோய் இல்ல.

நெருங்கிப் பாருங்க: ரெண்டுக்கும் நடுவுல மெல்லிய இடைவெளி தெரியும், மொத்தம் 46 இருக்கும், செல்லுக்குச் செல் ஜோடி மாறும். ராபர்ட்சோனியன்னா எல்லாச் செல்லுலயும் அதே ரெண்டு நீளக் கைகள் ஒரே குரோமோசோமா இருக்கும், மொத்தம் 45. அந்த ஆள் ஆரோக்கியமா இருக்கலாம். ஆனா 14-உம் 21-உம் இணைஞ்சிருந்தா கருச்சிதைவுக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வர்றதுக்கும் வாய்ப்புண்டு. அதனால ஒரு செல்லைப் பாத்து முடிவு எழுதவே கூடாது. குறைஞ்சது 20 மெட்டாஃபேஸ் எண்ணுங்க.

21-ஐயும் 22-ஐயும் பிரிக்கப் பட்டையைப் பாருங்க; ஸ்லைடை டிரிப்சின்ல (புரதத்தைக் கரைக்கிற நொதி) வச்சுக் கீம்சா சாயம் போட்டா குரோமோசோம்ல கறுப்பும் வெளுப்புமாத் தெரியிறதுதான் அது. 21-இன் நீளக் கையில சென்ட்ரோமியர் பக்கம் அழுத்தமான கறுப்புப் பட்டை ஒண்ணு இருக்கும். 22 வெளுப்பா, நடுவுல மெல்லிய பட்டையோட இருக்கும். அளவை நம்பாதீங்க, 22-ஐ விட 21-தான் சின்னது. 13-க்குக் கறுப்பு கீழ்ப் பாதியில, 15-க்கு மேல் பாதியில, 14-க்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணு.

பாளை மாணவி:
நன்றி அண்ணாச்சி. பட்டையே எனக்குத் தெளிவா வரலையே, எல்லாம் ஒரே ஊதாவா இருக்கு.

பொருநைக்கரை:
அப்ப டிரிப்சின் பத்தல. முதல்ல ஸ்லைடை 60 டிகிரியில ராத்திரி முழுக்க வைங்க, அவசரம்னா 90 டிகிரியில 1 மணி நேரம். அப்படி வைக்காத புது ஸ்லைடை டிரிப்சின்ல போட்டா குரோமோசோம் ஊதிப்போயிரும். ஒரே பேட்ச்ல மூணு ஸ்லைடு எடுத்து 10, 20, 40 வினாடி வச்சுப் பாத்து நேரத்தை முடிவு பண்ணுங்க. ஓரம் கிழிஞ்ச மாதிரி, உள்ள வெறுமையாத் தெரிஞ்சா டிரிப்சின் அதிகம். கீம்சா தாங்கல் கரைசல் பி.எச். 6.8 இருக்கணும்.

கோல்சிமிட்டையும் 30 நிமிஷமாக் குறைங்க. நேரம் கூடக்கூடக் குரோமோசோம் குட்டையாகி, பக்கத்துப் பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும்.

உயிரணுக்காரர்:
ஒண்ணு கூடச் சொல்லணும். மொத்தக் குரோமோசோம் தொகுதியிலயும் 550 பட்டை தெரியிற நிலையிலயும், ஒரு பட்டைக்குள்ள சராசரியா 50 லட்சம் டி.என்.ஏ. கார இணைகளுக்கு மேல அடங்கும். 22-இன் நீளக் கையில வர்ற சுமார் 30 லட்சம் இணை இழப்பு மாதிரியானது இதுல தப்பிரும், அதுக்கு ஃபிஷ் சோதனை (ஒளிரும் டி.என்.ஏ. துண்டை ஒட்ட வச்சுப் பாக்கிறது) வேணும். அறிக்கையில "பட்டை அளவில் மாற்றம் தெரியவில்லை"ன்னு மட்டும் எழுதுங்க.