முழு எண்ணா, முழுக்களா?

நண்பர்களுக்கு வணக்கம். எண் வகைகளின் தமிழ்ப் பெயர்கள் பற்றி, குறிப்பாக இன்டிஜருக்கு (integer: …−2, −1, 0, 1, 2…) எந்தச் சொல் என்பது பற்றி, நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> இன்டிஜர் என்பதற்கு 'முழுக்கள்' என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறது. புதிதாக எதற்கு?

இருப்பதை மாற்றுவதில் எனக்கும் ஆசையில்லை. ஆனால் இந்தச் சொல் பன்மையில் மட்டும்தான் நிற்கிறது. 'ஐந்தும் எட்டும் முழுக்கள்' என்பது வரை சரி. '−3 ஒரு முழு' என்று எழுதி நிறுத்திப் பாருங்கள். கை தானாகவே 'எண்' என்று சேர்த்துவிடும். சேர்த்ததும் அது வேறு கணத்துக்குப் போய்விடுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'முழு எண்கள்' என்றால் 0, 1, 2, 3… மட்டும். குறை எண்களும் சேர்ந்தால்தான் 'முழுக்கள்'. ஆக, 'எண்' என்ற ஒரு சொல் கூடியதும் −1, −2, −3 எல்லாம் காணாமல் போகின்றன!

இந்தப் பிரிவினையை நாமே கடைப்பிடிப்பதும் இல்லை. மேல்வகுப்பில் 'மீப்பெரு முழு எண் சார்பு' என்று படிக்கிறோம்; கொடுத்த எண்ணைத் தாண்டாத மிகப் பெரிய இன்டிஜரைத் தருவது அது. அதில் −2.5ஐக் கொடுத்தால் −3 கிடைக்கும். முழு எண்ணில் குறை எண்ணே கிடையாது என்றால் அந்த −3 எங்கிருந்து வந்தது? நிரலாக்கம் பற்றித் தமிழில் எழுதுபவர்களும் இன்டிஜருக்கு 'முழு எண்' என்றே எழுதுகிறார்கள். வழக்கு ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்பது என் எண்ணம்.

> எண்சுவடியில் (பழைய கணக்கு வாய்பாட்டு நூல்) மேல்வாய் இலக்கம், கீழ்வாய் இலக்கம் என்று இருக்கிறதே. 'மேல்வாய் எண்' எனலாமா?

அழகான சொல்தான், எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் கீழ்வாய் என்பது முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), கால், அரை என ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னங்கள். மேல்வாய் என்பது ஒன்றும் அதற்கு மேலும். இரண்டரை என்றால் மேல்வாயும் கீழ்வாயும் சேர்ந்து வரும். அதாவது அது அளவை வைத்துப் பிரித்த பாகுபாடு. குறை எண்ணுக்கு அதில் இடமே இல்லை. போதாக்குறைக்கு, இன்றைய வாசகர் 'கீழ்வாய் எண்' என்றதும் சுழியத்துக்குக் கீழே இருப்பதைத்தான் நினைப்பார்.

ஆகவே என் முன்மொழிவு: இன்டிஜருக்கு 'முழு எண்' என்றே வைப்போம். 0, 1, 2, 3… என்ற கணத்துக்குத் தனிப்பெயர் வேண்டாம். 'குறையல்லாத முழு எண்' போதும். ஆய்வுக் கட்டுரைகளிலும் பெரும்பாலும் இப்படி விளக்கித்தான் எழுதுகிறார்கள். ('குறையற்ற' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அப்புறம் மற்ற எண்களெல்லாம் குற்றமுள்ளவை ஆகிவிடும்.) கூட்டுச்சொற்களில் வைத்துப் பார்த்தாலும் 'முழு எண் பகுதி', 'முழு எண் தீர்வு' இயல்பாக வருகின்றன. 'முழுக்கள் தீர்வு' நாக்கில் ஒட்டவில்லை.

சுழியத்தை இயல் எண்ணில் (எண்ணுவதற்குப் பயன்படும் 1, 2, 3…) சேர்ப்பதா என்ற கேள்வியை இதோடு குழப்ப வேண்டாம். இயல் எண்களுக்கு அடிப்படை விதிகள் வகுத்த கணிதவியலாளர் பேயானோவே 1889இல் 1இலிருந்து தொடங்கிப் பின்னர் 0க்கு மாறியவர். கணிதக் குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 80000-2 சுழியத்தைச் சேர்க்கிறது, நம் பாடநூல்கள் சேர்ப்பதில்லை. எழுதுபவர் முதல் வரியிலேயே எங்கிருந்து தொடங்குகிறார் என்று சொல்லிவிட்டால் போதும்.

> 'விகிதமுறு எண்' (rational number) கடினம். 'பின்ன எண்' எளிது. மேலும் பை (π) என்பதே சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம்தானே, அதைப் போய் 'விகிதமுறா' என்பதா?

இரண்டாவது கேள்வி நியாயமானது. விகிதம் என்றால் இங்கே இரு முழு எண்களின் விகிதம். சுற்றளவும் விட்டமும் ஒரே நேரத்தில் முழு எண்ணாக அமையும் வட்டம் கிடையாது. பை விகிதமுறா எண் என்று கணிதவியலாளர் லாம்பர்ட் 1761இல் நிறுவியதன் பொருள் அதுதான். இந்த நிபந்தனை சொல்லுக்குள் இல்லை, வரையறையில் இருக்கிறது. ஒரு சொல்லே முழு வரையறையையும் சுமக்க வேண்டும் என்று கேட்டால் எந்தக் கலைச்சொல்லும் தேறாது. 'பின்ன எண்' இதைவிட மோசம்: 7ஐப் பின்னம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் அது விகிதமுறு எண். √2/2 பின்ன வடிவில் இருக்கிறது, ஆனால் விகிதமுறா எண். தவிர உறு, உறா என்று ஓரெழுத்தில் எதிர்ச்சொல் கிடைப்பது நம் மொழிக்கு வாய்த்த வசதி. 'பின்ன எண்'ணுக்கு எதிர்ச்சொல் என்ன வைப்பீர்கள்?

'மெய்யெண்' (real number) பற்றி யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். 'முழு எண்' பக்கம் சாய மறுப்பவர்கள், −3ஐ ஒருமையில் எப்படி அழைப்பீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள்.