பத்து நாள் விரதமும் அந்த "அரை மணி நேரமும்"

மலையடிவாரத் தகப்பன்:
நம் மொரீசியஸில் தைப்பூசக் காவடிக் கொடியேற்றம் தொடங்கிப் பத்து நாளும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதாமல் வருவதற்குப் பெற்றோரின் சோம்பலே காரணம் என்றும், கோவிலில் மாலைப் பூசை "அரை மணி நேரத்தில்" முடிந்துவிடுகிறது என்றும் கணக்கு வாத்தியார் நேற்று இங்கே எழுதியிருந்தார். அது எந்தக் கோவில் என்று அவர் சொல்லட்டும். குடும்பத்தோடு அதன் பக்கத்திலேயே குடிபோகிறேன். டியூஷன் முடிந்த கையோடு மகளை அழைத்துக்கொண்டு கோர் தெ கார்த் மலைக் கோவிலுக்குப் படியேறி, பூசை பார்த்து, விபூதி வாங்கி, இறங்கிக் காத்ர் போர்னில் உள்ள எங்கள் வீட்டை அடையும்போது மணி எட்டரை ஆகிவிடுகிறது. விரதச் சோற்றை உண்டதும், ஆறாம் வகுப்பில் படிக்கும் அவள் பின்னக் கணக்கின் மேலேயே தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். மறுநாள் வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்டிருக்கிறார்கள்.

கணக்கு வாத்தியார்:
பூசை அரை மணி நேரம் என்றுதான் எழுதினேன். நீங்கள் படியேறுவதையும், கோவில் வாசலில் நின்று ஊர்க்கதை பேசுவதையும் முருகன் கணக்கில் எழுதாதீர்கள். ஜனவரியில் பள்ளி திறந்தவுடன் நடத்தப்படும் பின்னத்தைத் தவறவிட்ட பிள்ளை, ஆண்டு இறுதியில் பி.எஸ்.ஏ.சி. என்னும் தொடக்கப்பள்ளி முடிப்புத் தேர்வில் தடுமாறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

மலையடிவாரத் தகப்பன்:
படிக்கட்டைக் கணக்கில் சேர்க்காத கணக்கு வாத்தியாரை இப்போதுதான் பார்க்கிறேன். பூசைக்குப் பறந்து வந்து பறந்து போவதற்கு என் மகளிடம் மயில் இல்லை, ஐயா. அரை மணி நேரம் என்று எழுதினீர்களா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ரோஸ் ஹில் பாட்டி:
தம்பிமார் இருவரும் பூசையையே அளந்துகொண்டிருக்கிறீர்கள். பள்ளி விட்ட பிறகும் பிள்ளையை உட்கார வைத்திருக்கும் டியூஷனைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? காவடிக்கு முந்தின இரவு என் பேரன் தென்னங்குருத்தைக் கிழித்துக்கொண்டே வாய்ப்பாடு ஒப்பித்தான். மஞ்சள் படிந்த விரலோடு நோட்டைத் தொட்டதால் ஏழாம் வாய்ப்பாட்டின் மேல் ஐந்து விரலும் பதிந்துவிட்டன. அதை ஆசிரியை அசுத்தம் என்று எழுதி அனுப்பினார். நான் அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கணக்கு வாத்தியார்:
டியூஷனைப் பழிப்பவர்கள் மாதம் பிறந்தால் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள், அம்மா. நான் சொல்லவந்தது இருபது நிமிட வீட்டுப்பாடத்தைப் பற்றி.

மலையடிவாரத் தகப்பன்:
இப்போது இருபது நிமிடமா? நேற்று அரை மணி நேரம்!

கணக்கு வாத்தியார்:
அரை மணி நேரம் பூசை. இருபது நிமிடம் பாடம். வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போர்ட் லூயிஸ் இளையவன்:
2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்து, அடிமைமுறை ஒழிப்பு நாள் விடுமுறையோடும் சேர்ந்துகொண்டதால், பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு விடுமுறைகூடக் கிடைக்கவில்லை. 2025இல் பிப்ரவரி 11 செவ்வாய்க்கிழமை என்பதால் ஒரு நாளாவது விடுமுறை கிடைத்தது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. நம் நாட்டு ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று 1998இல் கொதித்தெழுந்து அந்த நோட்டுகளையே திரும்பப் பெறவைத்த சமூகம் நாம். அந்த நோட்டில் உள்ள தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளை உங்கள் வீடுகளில் உண்டா? வீட்டுப்பாடத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளலாமே.

ரோஸ் ஹில் பாட்டி:
1998இல் நீ தொட்டிலில் இருந்திருப்பாய். அந்த நாட்களை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

போர்ட் லூயிஸ் இளையவன்:
தொட்டிலில் கிடந்தவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிகிறது, பாட்டி. தெரியாதவர்கள் யார் என்றுதான் கேட்டேன்.

மலையடிவாரத் தகப்பன்:
நோட்டுக் கதையை வேறு இடத்தில் பேசிக்கொள்ளுங்கள். என் மகள் தேவாரம் வாசிப்பாள், வாசித்துக்கொண்டே தூங்கமாட்டாள். பின்னக் கணக்குதான் அவளைத் தூங்கவைக்கிறது. பால் செம்பு சுமக்கும் தாய்க்குப் பத்து நாளும் துணையாக நின்று, காவடியன்று வெயிலில் நடந்து, வாழையிலையில் ஏழு கறி பரிமாறிய பிள்ளைக்கு அந்தப் பத்து நாளுக்கு மட்டும் எழுத்து வேலையைக் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். அதற்குக் கிடைத்த பதில் சோம்பேறிப் பட்டம். அந்த அரை மணி நேரத்தைத் திரும்பப் பெறும்வரை நான் விடப்போவதில்லை.

கணக்கு வாத்தியார்:
திரும்பப் பெற அது ரூபாய் நோட்டு அல்ல. எங்கள் கோவிலில் அரை மணி நேரம்தான்.

மலையடிவாரத் தகப்பன்:
எந்தக் கோவில் என்று முதலிலேயே கேட்டேன். இன்னும் பெயர் வரவில்லை.

ரோஸ் ஹில் பாட்டி:
எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அங்கே குருக்கள் கொஞ்சம் அவசரக்காரர்.